நன்றியுரை முடியும்வரை காத்திருந்த பட்டாளம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு போராட்டம்தான் நடத்தியிருக்கிறேன். அதில் குத்துவிளக்கு இருந்தது, சிறப்பு விருந்தினர் இருந்தார், பொன்னாடை, பரதநாட்டியம், கோழி பிரியாணி, குலுக்கல் பரிசு எல்லாம் இருந்தன. கோஷம் மட்டும் இல்லை. கோஷம் போட்டிருந்தால் அடுத்த விமானத்தில் என்னை ஏற்றி அனுப்பியிருப்பார்கள். நான் இந்நேரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது கடையில் செல்போனுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் கல்லூரி துபாயைத் தாண்டி வடக்கே, டயர் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது. ஊரில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் வளைகுடாக் கிளை. இரண்டு மாடி. லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த 'பழுது' என்ற காகிதமே பழுதாகி மஞ்சள் பூத்திருந்தது. இதில் கல்லூரி என்று சொல்லிக்கொள்ளும்படி இருந்தது மைதானம் ஒன்றுதான். தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, இறுக்கி வைத்த மணல். மாலையானால் தமிழன், மலையாளி, பாகிஸ்தானி, சூடானி எல்லாரும் அங்கே கிரிக்கெட் ஆடுவோம். நான் விக்கெட் கீப்பர். எனக்குப் பின்னால் இன்னொருவனை நிற்கவைப்பார்கள் என்பதிலிருந்து என் திறமையை நீங்கள் ஊகிக்கலாம்.

ஒரு சனிக்கிழமை காலை, அப்போதெல்லாம் எங்களுக்கு வாரம் சனியில்தான் தொடங்கும், மைதானத்தின் நடுவில் கைப்பந்து வலை கட்டியிருந்தது. ஓரத்தில் கூடாரம், பெரிய தண்ணீர்க் குளிர்பெட்டிகள், ஒரு பலகை. மாலை நான்கு மணிக்குமேல் மாணவர்களுக்கு அனுமதி இல்லை.

நான்கு மணிக்குத் திரை போட்ட பஸ்கள் வந்தன. அரைக்கால் சட்டையும் ஒட்ட வெட்டிய தலையுமாகப் பட்டாளத்துக்காரர்கள் இறங்கினார்கள். எந்த நாட்டுப் பட்டாளம் என்று நான் எழுதவில்லை. அந்த வருடம் பாக்தாத்துக்குள் யார் புகுந்தார்களோ அவர்கள்தான். கப்பலிலும் பாலைவனத்திலும் கிடந்துவிட்டு ஓய்வுக்கு வந்தவர்களுக்கு விளையாட ஓர் இடம் வேண்டியிருந்தது. எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு புது லிஃப்ட் வேண்டியிருந்தது. நடுவில் யாரோ ஒரு கான்ட்ராக்டர் பேசி முடித்துவிட்டார் என்று கேள்வி.

மைதானம் போனதுகூடப் பரவாயில்லை. கேட்டில் மேஜை போட்டார்கள். மாலையில் பட்டாளம் வரப்போகிற இடம் என்பதால் காலையிலிருந்தே இடம் சுத்தமாக இருக்க வேண்டுமாம். கான்ட்ராக்ட் காவலர்கள் எங்கள் அடையாள அட்டையை வாங்கி, பெயரையும் நாட்டையும் பார்த்து, பையைத் திறக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மலை, பட்டாளத்து ஆள்தான், உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தது. என் பையைத் திறந்தவுடன் மூடிவிட்டார்கள். உள்ளே இருந்த எலுமிச்சை சாதம் மூன்று நாள் பழையது.

என் நண்பன் பையை மட்டும் மேஜையில் கவிழ்த்தார்கள்.

அவன் பாக்தாத்காரன். ஆய்வகத்தில் என் ஜோடி. ஜோடி என்றால், அவன் சோதனையைச் செய்வான், நான் அதை வியப்பேன். அதிகம் பேசமாட்டான், பேசினால் என் அரபியைக் கிண்டல் செய்வதற்காகத்தான் இருக்கும். 'ஹபீபி, நீ அரபி பேசும்போது ஒட்டகங்கள்கூடத் தமிழ் கற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கின்றன' என்பான். அவன் அட்டையில் ஈராக் என்று பார்த்ததும் காவலர்கள் மலையைப் பார்த்தார்கள். மலை தலையை ஆட்டியது. கால்குலேட்டர், வரைபடக் கருவிகள், கணக்கு நோட்டு, துணியில் சுற்றிய ரொட்டி எல்லாம் மேஜைமேல் விழுந்தன. ரொட்டியைப் பிய்த்து உள்ளே பார்த்தார்கள்.

அவன் மற்றதையெல்லாம் பொறுமையாகப் பைக்குள் எடுத்து வைத்தான். ரொட்டியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு, திரும்பி, ரோட்டைக் கடந்து எதிரே இருந்த மலையாளிச் சேட்டனின் கஃபெத்தீரியாவில் போய் உட்கார்ந்தான்.

நான் பின்னாலேயே ஓடினேன். "உள்ளே வா, லேப் இருக்கிறது" என்றேன். உலகத்திலேயே அந்த நேரத்துக்குப் பொருந்தாத வாக்கியம் அதுதான்.

அவன் கோபப்படவில்லை. போன வாரம் ஒரே ஒரு தடவை வீட்டுக்குப் போன் கிடைத்ததாகச் சொன்னான். "அங்கே ரொட்டி வாங்கிவர என் அம்மா இவர்களிடம் பையைத் திறந்து காட்டுகிறாள். இங்கே படிக்க நானும் திறந்து காட்ட வேண்டுமா? இவர்கள் போகட்டும், நான் வருகிறேன்."

அதோடு சரி. தினமும் காலையில் கல்லூரி நேரத்துக்கு வந்து, கேட்டைப் பார்த்த மேஜையில் பால் இல்லாத ஒரு சுலைமானி டீயை வாங்கி வைத்துக்கொண்டு, புத்தகத்தைப் பிரித்துவிடுவான். கேட்டுக்குள் மட்டும் வரமாட்டான். நான் வகுப்பில் எடுத்த குறிப்புகளை, சில சமயம் வகுப்பின் நடுவிலேயே நழுவிக்கொண்டுபோய்க் கொடுப்பேன். என் கையெழுத்தைப் புரிந்துகொள்ள அவனுக்குப் பாதி நாள் ஆகும், அதிலிருக்கும் தப்பைத் திருத்த மீதி நாள்.

சிக்கல் என்னவென்றால், வளைகுடாவுக்குக் கிளை வந்தபோது ஊரிலிருந்து எழுபத்தைந்து சதவீத அட்டெண்டன்ஸ் விதியும் கூடவே விமானம் ஏறி வந்திருந்தது. ஆபீஸ் கிளார்க் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: இன்னும் இரண்டு வாரம் இவன் இப்படியே எதிர்க் கடையில் உட்கார்ந்தால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை இல்லையென்றால் வருடம் போச்சு. வருடம் போனால் கல்லூரி கொடுத்த விசா போச்சு. விசா போனால் அவன் எங்கே போவான் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாக்தாத் அப்போது தினமும் எங்கள் வீட்டு டி.வி.யில் எரிந்துகொண்டிருந்தது.

பிரின்சிபாலிடம் போனேன். நல்ல மனிதர். ஊரில் ரிட்டயர் ஆகிவிட்டு இங்கே வந்தவர். பிரச்சினைகள் ரிட்டயர் ஆகி வராததுதான் அவர் துயரம். நிர்வாகத்தின் முடிவு தம்பி, என் கையில் இல்லை, அந்தப் பையனைக் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல் என்றார்.

அன்று எனக்குள் இருந்த புரட்சியாளன் எழுந்துகொண்டான். போர் ஒழிக, பட்டாளமே வெளியேறு என்று கேட்டில் நின்று கத்துவது என்று முடிவு செய்தேன். கோஷத்தை மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். கேட்டை நெருங்குவதற்குள் பயத்தில் வேர்த்து எல்லாம் அழிந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி மலை என் நீலக் கையைப் பார்த்தது. நான் அதற்கு ஒரு சலாம் வைத்துவிட்டு வந்தேன்.

மற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லாருக்கும் கோபம் இருந்தது. எல்லாருக்கும் அப்பாவும் இருந்தார். அங்கே எங்கள் விசா எல்லாம் அப்பாக்கள் பேரில். அனுமதி இல்லாமல் நான்கு பேர் ரோட்டில் கூடி ஒரு அட்டையைத் தூக்கினால் பையனோடு குடும்பமும் மூட்டை கட்ட வேண்டியதுதான். என் அப்பா அபுதாபிப் பக்கம் முசஃபாவில் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். வாரம் முழுக்க அங்கே கேம்ப்பில் தங்கி, வியாழன் சாயங்காலம் துபாயில் எங்கள் அல் குசைஸ் வீட்டுக்கு வருவார். அந்த வியாழன் என் நீலக் கையைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டா, கூட்டம் கீட்டம்னு எதாச்சும் காதுல விழுந்துச்சு, ஓ பாஸ்போர்ட்ட நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துருவேன். புரியுதா?"

புரிந்தது. கையைக் கழுவினேன்.

வழி சொன்னது எங்கள் கல்லூரித் தமிழ் மன்றச் செயலாளர். கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இங்கேயே பள்ளிக்கூடம் படித்ததால் அரபி தண்ணீராக வரும். என்னிடம் பேசும்போது மட்டும் வீட்டுத் தமிழ். நான் கஃபெத்தீரியாவில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே யோசித்தாள்.

"மக்கா, கூட்டம் கூடுனாத்தானே குத்தம். விழா கூடலாம்லா?"

எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அவள் சொன்னது அவ்வளவு சரி. வளைகுடாவில் நாலு தமிழர் அரசியல் பேசக் கூடினால் ஆயிரம் கேள்வி வரும். நானூறு தமிழர் விழாவுக்குக் கூடினால் ஒரே கேள்விதான்: சிறப்பு விருந்தினர் யார்? மன்றத்துக்கு வருடத்தில் ஒரு விழா மைதானத்தில் நடத்த ஏற்கனவே அனுமதி உண்டு. 'உலக அமைதிக் கலை விழா' என்று பெயர் வைத்தோம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை. பிரின்சிபால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். நம் விழா எதுவும் சொன்ன நேரத்தில் முடிந்ததில்லை என்பதை அவர் மறந்துவிட்டார். எங்கள் திட்டமே அதுதான். நான்கு மணிக்குப் பட்டாளம் வரும்போது மைதானத்தில் நாம் இருப்போம், குடும்பம் குட்டிகளோடு. யாரும் ஒழிக என்று சொல்லமாட்டோம். எழுந்திருக்கவும் மாட்டோம். கல்லூரி லைசென்ஸ் எவர் பேரில் இருக்கிறதோ அந்த உள்ளூர் அரபிப் பெரியவர், எங்கள் கல்லூரியின் கஃபீல், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். என்ன நடக்கிறதென்று அவரே பார்க்கட்டும்.

ஸ்பான்சர் பிடிக்கும் வேலை எனக்கு. அதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அல் குசைஸில் சூப்பர் மார்க்கெட், கேட்டரிங், டிராவல்ஸ் எல்லாம் வைத்திருந்த ஓர் அண்ணாச்சியிடம் போனேன். பாத்திரம் கழுவ வந்து பெரிய ஆளானவர். எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் அவர் கடையில்தான் அரிசி வாங்கும். அமைதி விழா என்றதும் உருகிவிட்டார். மேடை, நாற்காலி, மைக், பிரியாணி, குலுக்கலுக்கு விமான டிக்கெட், எல்லாம் என் பொறுப்பு என்றார்.

"நம்ம புள்ளைய படிக்குற காலேஜு தம்பி. செய்யாம விடுவமா? ஒண்ணே ஒண்ணு, சிறப்பு விருந்தினரு யாருன்னு முடிவு பண்ணிட்டியளா?"

அந்த நிமிடம் முடிவு பண்ணினேன். பேனரும் அவரே அடித்துக் கொடுத்தார். அதில் அமைதிப் புறா ஒரு மூலையில் இருந்தது. மீதியில் அண்ணாச்சி இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவருடைய வேன் நாற்காலிகளோடு வந்தது. டிரைவர் இறங்கி, வழி கேட்காமல் நேராக மைதானத்துக்குப் போய், கூடாரத்துக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். இடம் ஏற்கனவே தெரியுமா என்று கேட்டேன்.

"டெய்லி நாந்தானேங்க வர்றேன்" என்றார். "பட்டாளத்துக்குச் சாப்பாடு, தண்ணி, கேட்டு செக்கூரிட்டி எல்லாம் நம்ம மொதலாளி கான்ட்ராக்ட்டுதானே. எடம் புடிச்சுக் குடுத்ததே அவருதான்."

குளிர்பெட்டிகளைப் பார்த்தேன். நாற்காலிகளைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர். இத்தனை நாள் அந்த ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நின்று பட்டாளத்தை முறைத்திருக்கிறேன். அதே ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்குப் போய் அமைதிக்கு நன்கொடை கேட்டிருக்கிறேன். பட்டாளத்தைக் கொண்டுவந்த ஆளுக்கே பட்டாளத்தை எதிர்க்கும் விழாவில் பொன்னாடை. உலகப் போராட்ட வரலாற்றில் இப்படி ஒருத்தன் இருந்திருக்க மாட்டான் என்று தோன்றியது.

செயலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் பேனரில் இருந்த அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"பொன்னாடை எத்தன வாங்கியிருக்க?"

"ஒண்ணு."

"போயி இன்னொண்ணு வாங்கிட்டு வா. ரெண்டாப் போடுவோம்."

அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. மேடையில் பொன்னாடையோடு நிற்கிற மனிதனால் மட்டும் 'இல்லை', 'முடியாது' என்ற சொற்களைச் சொல்ல முடியாது என்பது எனக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. அவளுக்குக் காலையிலேயே தெரிந்திருந்தது.

விழா வழக்கப்படி தாமதமாகத் தொடங்கியது. குடும்பங்கள் வந்தன, நர்ஸ்கள் டியூட்டி முடித்து அப்படியே வந்தார்கள், அப்பா அந்த வாரம் வியாழக்கிழமை வீட்டுக்கு வராமல் முசஃபாவிலிருந்து பிக்கப்பில் தன் ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அமைதிக்கு அல்ல, பிரியாணிக்கு. முன்வரிசையில் கஃபீல் வெள்ளைக் கந்தூரா அங்கியில் உட்கார்ந்து, பரதநாட்டியத்தின்போது கொஞ்சம் கண்ணயர்ந்தார். அண்ணாச்சி இரண்டு பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டே உலக அமைதியின் தேவை பற்றி உருக்கமாகப் பேசினார்.

பஸ்கள் வந்தபோது மேடையில் சின்னப் பிள்ளைகளின் நடனம் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்காரர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்து நின்றார்கள். மலை தன் கைக்கடிகாரத்தைப் பிரின்சிபாலுக்குக் காட்டியது. பிரின்சிபால் என்னைக் காட்டினார். செயலாளர் மைக்கில் அறிவித்தாள்: அடுத்து நன்றியுரை, நன்றியுரைக்குப் பிறகு குலுக்கல், முதல் பரிசு ஊருக்குப் போய்வர விமான டிக்கெட், நேரில் இருப்பவர்களுக்கு மட்டுமே பரிசு.

நன்றியுரை என்றதும் செருப்பைத் தேடுவது நம் வழக்கம். அன்று ஒரு குழந்தைகூட அசையவில்லை. செயலாளர் வயர் இல்லாத மைக்கை என் கையில் திணித்துவிட்டு, "கூப்புடுத வரைக்கும் நிறுத்தாத" என்றாள்.

என்னிடம் பிறவியிலேயே இருந்த ஒரே திறமைக்கு அன்றுதான் வேலை வந்தது. இறைவனுக்கு நன்றி சொன்னேன். மின்சாரத்துக்குச் சொன்னேன். மின்சாரம் போனால் ஓடுவதற்காக நிறுத்தியிருந்த, ஆனால் ஓடத் தேவைப்படாத ஜெனரேட்டருக்குச் சொன்னேன். அழாத குழந்தைகளுக்கும், அழுத குழந்தைகளை வெளியே தூக்கிப்போன தாய்மார்களுக்கும், தூக்கிப்போகாமல் பொறுத்துக்கொண்டவர்களுக்கும் தனித்தனியாகச் சொன்னேன். அல் குசைஸிலிருந்து வந்த பஸ்ஸின் ஓட்டுநருக்கு, அதற்கு முந்தின வாரம் அந்த பஸ்ஸுக்குப் பஞ்சர் ஒட்டியவருக்கு, வர நினைத்து வர முடியாமல் போனவர்களுக்கு. இரண்டு நன்றிக்கு ஒருமுறை அண்ணாச்சி பெயரைச் சொன்னேன், சொல்லும்போதெல்லாம் கைதட்டல், தட்டும்போதெல்லாம் அவர் எழுந்து கும்பிட்டார். கயிற்றுக்கு வெளியே காத்திருக்கும் விருந்தினர்களுக்கும் நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். விழாவில் ஓரமாக நின்றவனையும் விருந்தாளியாக நடத்துவதுதானே வழக்கம், எங்கள் தொண்டர்கள் போய் ஒவ்வொரு பட்டாளத்துக்காரன் கையிலும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் ஒரு குலுக்கல் சீட்டும் கொடுத்துவிட்டு வந்தார்கள். பந்து மணலில் உருண்டுபோனது. அவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்கள். மலைகூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

என் தொண்டை வறண்டபோது செயலாளர் கண்ணால் காட்டினாள். கடைசி நன்றியை மட்டும் அரபியில் சொல்வதென்று முன்பே பேசி வைத்திருந்தோம். என் ஒட்டக அரபியில் சொன்னேன்: இந்தக் கல்லூரிக்குத் தினமும் வந்து, உள்ளே வர முடியாமல், எதிர்க் கடையில் உட்கார்ந்து படிக்கிற என் நண்பனுக்கு நன்றி. அவன் பாக்தாத்காரன்.

கஃபீல் கண்ணைத் திறந்தார். கழுத்தை நீட்டி, கேட்டுக்கு அப்பால் பார்த்தார். விடுமுறை நாளாயிருந்தும் என் பேச்சைக் கேட்டு வந்து, கஃபெத்தீரியா வாசலில் அவன் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது அங்கிருந்தே தெரிந்தது.

"லேஷ்?" என்றார். ஏன் என்று அர்த்தம்.

எனக்கு அதற்குமேல் அரபி இல்லை. செயலாளர் என்னிடமிருந்து மைக்கை வாங்கி, தெளிவான அரபியில், குரலை உயர்த்தாமல் சொன்னாள். அவன் சொந்தக் கல்லூரி வாசலிலேயே அவன் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள், ரொட்டியைப் பிய்த்துப் பார்க்கிறார்கள், அதனால் வருவதில்லை, இன்னும் சில நாளில் பரீட்சையும் விசாவும் போய்விடும். கஃபீல் மெல்லத் திரும்பி, மேடையில் இருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் அப்படியே தமிழுக்குத் தாவினாள். "இப்போது நம் சிறப்பு விருந்தினர் அவர்கள் தாமே நேரில் சென்று, அந்த மாணவரை அழைத்து வந்து, குலுக்கலைத் தொடங்கி வைப்பார்கள்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். அண்ணாச்சி கடையில் அரிசி வாங்குகிற கைகள் அத்தனையும் தட்டின. அவர் எழுந்தார். வேறென்ன செய்வார், இரண்டு பொன்னாடை. மைக்கை என்னிடம் தந்து பின்னாலேயே போகச் சொன்னாள். மைதானத்தைக் கடந்து, மேஜையைக் கடந்து, கேட்டைக் கடந்து நடந்தோம். தங்கள் முதலாளி பொன்னாடையோடு வருவதைப் பார்த்துக் காவலர்கள் எழுந்து சல்யூட் அடித்தார்கள்.

நண்பன் எழுந்து நின்றான். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்து, வா தம்பி, சீக்கிரம் வா என்று இந்தியில் கெஞ்சினார். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அசையவும் இல்லை.

"இன்று உங்களோடு வருகிறேன்," என்றான். "நாளைக்கு?"

அண்ணாச்சி திரும்பிக் கேட்டைப் பார்த்தார். அங்கே நானூறு தலைகள். நடுவில் வெள்ளைக் கந்தூரா எழுந்து நின்றிருந்தது. அண்ணாச்சிக்கு அரபி, இந்தி, தமிழ் எல்லாம் கலந்து வந்தது.

"நாளைக்கும் செக்கிங் மாஃபி பாய், கெடையாது. ஃகலாஸ், முடிஞ்சு போச்சு. கேட்டும் ஃகலாஸ், கிரவுண்டும் ஃகலாஸ். அவங்களுக்கு என் குடோன் பின்னால எடம் கெடக்கு, நாளையிலேர்ந்து அங்க ஆடட்டும். போதுமா? யல்லா, வா தம்பி."

மைதானத்தில் இடி மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. அண்ணாச்சி குழம்பிப்போய்ச் சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என் கையைப் பார்த்தார்.

"ஏல, இது ஆன்லயா இருக்கு?"

ஆன் செய்தே இருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு ஃகலாஸும் ஒலிபெருக்கியில் போயிருந்தது. முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்தது என்றுதான் இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். உண்மையில் அணைக்க மறந்துவிட்டேன்.

நண்பன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திறக்காமலேயே கேட்டைக் கடந்தான். மலை நாற்காலியிலிருந்து எழுந்து, காலியான பிரியாணிப் பொட்டலத்தோடு வழிவிட்டது. என் நண்பன் மேடையேறியபோது நர்ஸ்கள் எழுந்து நின்று தட்டினார்கள். முசஃபா ஆட்கள் விசில் அடித்தார்கள். கஃபீல் அவன் தோளில் கைவைத்து அரபியில் ஏதோ சொன்னார். அவன் முகம் ஒரு நொடி குழந்தை முகமாகி, திரும்பச் சரியானது.

குலுக்கலை அவனே எடுத்தான். மூன்றாம் பரிசு பிரஷர் குக்கர். சீட்டு எண்ணை மைக்கில் படித்தேன். யாரும் வரவில்லை. திரும்பப் படித்தேன். கயிற்றுக்கு வெளியே பட்டாளத்துக்காரர்கள் ஒருவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. சீட்டைத் தூக்கிப் பிடித்தபடி, பிரியாணி ஒட்டிய விரல்களோடு மேடையேறினான்.

இவ்வளவும் நன்றாகப் போய், கடைசியில் பாக்தாத்காரன் பட்டாளத்துக்காரனுக்குக் குக்கர் கொடுக்கும்படி ஆகிவிட்டதே. நானே கொடுத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். நண்பன் என் கையைத் தள்ளிவிட்டுக் குக்கரைத் தூக்கினான். இரண்டு பேரும் அதன் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இதை வீட்டுக்குக் கொண்டு போ," என்று ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னான். "உன் அம்மாவிடம் கொடு. அங்கே கொண்டு போகாதே. வீட்டுக்குப் போ."

பட்டாளத்துக்காரன் குக்கரைப் பார்த்தான். "அதற்குத்தான் பார்க்கிறேன்," என்றான். குக்கரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

கோஷம் இல்லை என்று முதலில் எழுதிவிட்டேன். தப்பு. ஒன்று இருந்தது. 'வீட்டுக்குப் போ' என்பதுதான் அது. மைக்கில் கேட்டது, எல்லாருக்கும் புரிந்தது, யாரையும் எந்த விமானத்திலும் ஏற்றவில்லை.

கூட்டம் கலைந்தபோது அண்ணாச்சி பொன்னாடைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்லியே ஒரு மனுசனக் கொன்னுட்டியே தம்பி என்றார். கோபமாகத்தான் தொடங்கினார், பாதியில் சிரித்துவிட்டார். கஃபீல் அவர் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போயிருந்தார். மறுவாரம் அவர் கடை வாசலில் 'மாணவர் நண்பர்' என்று தன் படத்தோடு ஒரு புது பேனர் கட்டியிருந்தார். அதிலும் புறா மூலையில்தான் இருந்தது.

அப்பா பரிசு விழாத சீட்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு பிக்கப்பில் சாய்ந்து நின்றார். கூட்டம் கூட்டக் கூடாது என்று சொன்னவர் முன்னால் நான் கூட்டத்தோடு நின்றேன்.

"பஞ்சர் ஒட்டுனவனுக்கெல்லாம் நன்றி சொன்ன. விசா எடுத்துக் குடுத்தவன் பேர ஒரு தடவ சொன்னியா?"

சொல்லவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது சொன்னேன். நீளமாகத் தொடங்கினேன்; அம்மா நிறுத்திவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. கேட்டில் மேஜை இல்லை. மைதானத்தில் வலை இருந்த இடத்தில் இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. முதல் வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே வந்தார். நண்பனின் எண்ணைத் தாண்டிப் போவது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது. அன்றும் தாண்டினார். பின் வரிசையிலிருந்து "யெஸ் சார்" என்று கேட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைத் திரும்பக் கொண்டுபோய்க் குறித்தார். வகுப்பு மேஜைகளைத் தட்டியது. நிறுத்தச் சொல்லி அவர் அதட்டவில்லை.

பரீட்சைக்கு முன்னால் கிளார்க் அட்டெண்டன்ஸ் பட்டியலை ஒட்டினார். நண்பன் மயிரிழையில் தப்பித்திருந்தான். அவன் முதுகில் அடித்துக் கத்திக்கொண்டே அடுத்த வரியைப் பார்த்தால், குறைந்துபோயிருந்தது என் பெயர். முன்பே தூங்கிக் கோட்டைவிட்ட காலை வகுப்புகளோடு, அவனுக்குக் குறிப்பு கொடுக்கிறேன் என்று வகுப்பிலிருந்து நான் நழுவிய நேரமெல்லாம் கணக்கில் ஏறியிருந்தது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், அந்த மாதங்களில் அவனிடமிருந்து காணாமல்போன எல்லாம் திரும்பி வந்திருந்தது.

வருகைக் குறைவை மன்னிக்கச் சொல்லும் கடிதத்தோடு பிரின்சிபாலிடம் போய் நின்றேன். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். எதிர்க் கடைக்கு என்றேன். என்னை ஒரு தடவை பார்த்தார், ஜன்னல் வழியாக மைதானத்தை ஒரு தடவை பார்த்தார். அங்கே கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மட்டையைப் பிடித்த ஒரு பாக்தாத்காரன் அதைத் துடைப்பம் மாதிரி சுழற்றிக்கொண்டிருந்தான். பேனாவை எடுத்து என் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். நான் வாயைத் திறந்தேன்.

அவர் பதறிப்போய்க் கையை உயர்த்தினார். "வேண்டாம் தம்பி. நன்றி மட்டும் சொல்லிடாதே."